மூன்று பேர் அளந்த கைச்சுற்றளவு: உள்வகுப்பு ஒட்டுறவின் நம்பிக்கை இடைவெளியை எப்படிக் கணக்கிடுவது?

தருமபுரியில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பில் இருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. பென்னாகரம் வட்டாரத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 30 குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை மூன்று அங்கன்வாடிப் பணியாளர்கள் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். அந்த அளவுகளை எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளில் போட்டால் உள்வகுப்பு ஒட்டுறவுக் கெழு (அளவுகளின் மொத்த மாறுபாட்டில் குழந்தைகளின் உண்மையான வேறுபாட்டுக்கு உரிய பங்கு) 0.93 என்றும், மூவரின் சராசரிக்கு 0.975 என்றும் வருகிறது. அதே அட்டவணையை ஆர் மென்பொருளின் ஐ.ஆர்.ஆர். தொகுப்பில் போட்டால் 0.73 வருகிறது. எது சரி, எதற்கு 95% நம்பிக்கை இடைவெளி (உண்மையான மதிப்பு இருக்கக்கூடிய கீழ், மேல் எல்லைகள்) எழுதுவது என்று கேட்கிறார். மாறுபாட்டுப் பகுப்பாய்வு அட்டவணையையும் இணைத்திருக்கிறார்: குழந்தைகளுக்கு இடையிலான சராசரி வர்க்கம் (வேறுபாட்டின் அளவு) 2.40, அளப்பவர்களுக்கு இடையிலானது 6.06, எஞ்சிய பிழையினுடையது 0.06. மூவரின் சராசரி அளவுகள் 13.39, 13.48, 14.21 சென்டிமீட்டர்.

இரண்டு மென்பொருளும் கணக்கைச் சரியாகத்தான் செய்திருக்கின்றன. ஆனால் உங்கள் ஆய்வு கேட்கும் கேள்விக்கு இரண்டுமே விடை சொல்லவில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எஸ்.பி.எஸ்.எஸ். இருவழிக் கலப்பு மாதிரியையும் வரிசைச் சீர்மையையும் தானாக எடுத்துக்கொள்கிறது, ஐ.ஆர்.ஆர். தொகுப்பின் ஐ.சி.சி. (இந்தக் கெழுவின் ஆங்கிலச் சுருக்கம்) கட்டளையோ ஒருவழி மாதிரியைத் தானாக எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு வேண்டியது இருவழிச் சமவாய்ப்பு மாதிரியில், ஒரே ஒருவரின் அளவுக்கான முழு உடன்பாடு. அதன் மதிப்பு 0.75, அதன் 95% இடைவெளி ஏறத்தாழ 0.17 முதல் 0.91 வரை. இவ்வளவு அகலமா என்று திகைக்க வேண்டாம். இந்த அகலம்தான் உங்கள் ஆய்வு சொல்லும் மிக முக்கியமான செய்தி என்பது என் கருத்து. அதற்கான காரணத்தைக் கீழே படிப்படியாக விளக்குகிறேன்.

முதலில் மூன்று மாதிரிகளையும் பிரித்துப் பார்ப்போம். ஒவ்வொரு குழந்தையையும் வெவ்வேறு ஆட்கள் அளந்து, யார் எதை அளந்தார் என்ற பதிவே இல்லாதபோது ஒருவழி மாதிரி பொருந்தும். உங்களிடம் அதே மூவர்தான் எல்லாக் குழந்தைகளையும் அளந்திருக்கிறார்கள் என்பதால் அது பொருந்தாது. அப்போது வேண்டியது இருவழி மாதிரி. அந்த மூவரைப் பல பணியாளர்களின் பிரதிநிதிகளாகக் கருதினால் அது சமவாய்ப்பு மாதிரி, அந்த மூவரோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் கலப்பு மாதிரி. வரிசைச் சீர்மை என்பது, குழந்தைக்குக் குழந்தை உள்ள ஏற்றத்தாழ்வை மூவரும் ஒரே அளவில் காட்டுகிறார்களா என்பதை மட்டும் பார்க்கிறது. ஒருவர் எல்லோருக்கும் முக்கால் சென்டிமீட்டர் கூட்டி அளந்தாலும் அது கண்டுகொள்ளாது. முழு உடன்பாடு அந்த முக்கால் சென்டிமீட்டரையும் பிழையாகவே எண்ணும்.

கைச்சுற்றளவில் இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு, 11.5 முதல் 12.5 வரை என்றால் மிதமான குறைவு. நாடாவில் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் இந்த எல்லைகளில்தான் மாறுகின்றன. உங்கள் மூன்றாமவர் மற்ற இருவரைவிடச் சராசரியாக முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே கூடுதலாக அளந்திருக்கிறார். முதல் இருவர் அளப்பதுதான் சரி என்றால், 11.2 அளவுள்ள குழந்தை அவர் கையில் 12 ஆகிச் சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போய்விடும். ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பப்பட வேண்டிய குழந்தை வீட்டிலேயே தங்கிவிடும். எனவே 0.93 என்ற எண்ணை ஆய்வேட்டில் எழுதுவது அந்தக் குழந்தையை மறைப்பதாகும்.

இனி உங்கள் அட்டவணையை வைத்துக் கையாலேயே கணக்கிட்டுப் பார்ப்போம். வரிசைச் சீர்மைக்குத் தொகுதியில் 2.40 கழித்தல் 0.06, அதாவது 2.34, பகுதியில் 2.40 உடன் 0.06இன் இரு மடங்கைக் கூட்ட 2.52. வகுத்தால் 0.93. முழு உடன்பாட்டுக்குத் தொகுதி அதேதான். பகுதியில் மட்டும் 6.06 கழித்தல் 0.06 என்ற 6.00ஐ 3ஆல் பெருக்கி 30ஆல் வகுத்த 0.60 கூடுதலாகச் சேரும். 2.34ஐ 3.12ஆல் வகுத்தால் 0.75. இதையே மாறுபாட்டுக் கூறுகளாகப் பிரித்தால் குழந்தைகளால் வருவது 0.78, அளப்பவர்களால் வருவது 0.20, எஞ்சிய பிழை 0.06. மொத்தம் 1.04இல் 0.78 என்பது முக்கால் பங்கு. உள்வகுப்பு ஒட்டுறவு என்பது இவ்வளவுதான்: காணப்படும் மொத்த மாறுபாட்டில் குழந்தைகளின் உண்மையான வேறுபாட்டுக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது.

நம்பிக்கை இடைவெளிக்கு வருவோம். இரு மாறிகளுக்கு இடையிலான சாதாரண ஒட்டுறவுக்குப் போடும் இடைவெளியை இங்கே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. வரிசைச் சீர்மைக்கான இடைவெளி எளிது. அது எஃப் பரவலிலிருந்து (இரண்டு மாறுபாடுகளின் விகிதத்துக்குரிய பரவல்) நேராகக் கிடைக்கும். 2.40ஐ 0.06ஆல் வகுத்த எஃப் மதிப்பு 40. கட்டின்மை அளவுகள் (ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் அடிப்படையான தனித் தகவல்களின் எண்ணிக்கை) 29, 58. அவற்றுக்குரிய 97.5% எஃப் எல்லை ஏறத்தாழ 1.835. 40ஐ அதனால் வகுக்க 21.8 கிடைக்கிறது, அதில் ஒன்றைக் கழித்த 20.8ஐ, அதே 21.8உடன் இரண்டைக் கூட்டிய 23.8ஆல் வகுத்தால் கீழெல்லை 0.87. மேலெல்லைக்குக் கட்டின்மை அளவுகளை இடம் மாற்றி, வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்க வேண்டும், 0.96 வரும். எஸ்.பி.எஸ்.எஸ். உங்களுக்குக் கொடுத்திருக்கும் எல்லைகளும் இவையாகத்தான் இருக்கும்.

முழு உடன்பாட்டில் இவ்வளவு எளிதான வழி இல்லை. அங்கே பகுதியில் இரண்டு வெவ்வேறு சராசரி வர்க்கங்கள் கலந்திருக்கின்றன: அளப்பவர்களுடையது 2 கட்டின்மை அளவில் நிற்கிறது, பிழையினுடையது 58இல் நிற்கிறது. இந்தக் கலவை எந்த எஃப் பரவலையும் சரியாகப் பின்பற்றாது. எனவே சாட்டர்த்வெய்ட் முறையில், கலவைக்கு இணையாக ஒரே ஒரு கட்டின்மை அளவைத் தோராயமாக வருவித்துக்கொள்கிறோம். ஷ்ரவுட், ஃபிளெய்ஸ் இருவரின் 1979ஆம் ஆண்டுக் கட்டுரையும் மெக்ராவும் வோங்கும் எழுதிய 1996ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்த வழியைத்தான் தருகின்றன. மென்பொருள்களும் இதையே பின்பற்றுகின்றன. உங்கள் எண்களைப் போட்டால் அந்த இணைக் கட்டின்மை அளவு வெறும் 3.5 வருகிறது. 30 குழந்தைகளை, 90 அளவீடுகளை வைத்துக்கொண்டிருந்தும் கணக்கு மூன்றரை தகவல்களில்தான் நிற்கிறது. 29உம் 3.5உம் கொண்ட 97.5% எஃப் எல்லை பத்தரையைத் தாண்டிவிடுவதால் கீழெல்லை 0.17க்குச் சரிந்துவிடுகிறது.

இதற்கான காரணம் நேரடியானது. அளப்பவர்களுக்கு இடையில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதை மூன்றே ஆட்களை வைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். மூன்று எண்களை மட்டும் வைத்துத் திட்ட விலக்கம் கண்டால் அதை எவ்வளவு நம்புவோமோ, அவ்வளவுதான் இதையும் நம்பலாம். பலரும் இந்த இடத்தில் குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுகிறார்கள். அது உதவாது. அதே மாறுபாட்டுக் கூறுகளோடு, அதே மூவரை வைத்து 100 குழந்தைகளை அளந்திருந்தாலும் இடைவெளி 0.18 முதல் 0.90 வரைதான் இருந்திருக்கும். எழுபது குழந்தைகளைக் கூடுதலாக அழவைத்து எந்தப் பயனும் கிடைத்திருக்காது. மாறாக, 30 குழந்தைகளையே 10 பணியாளர்கள் அளந்திருந்தால் அதே 0.75க்கு இடைவெளி ஏறத்தாழ 0.53 முதல் 0.87 வரை சுருங்கியிருக்கும். குழந்தைகள் ஒரு மாதிரித் தொகுப்பு என்றால் அளப்பவர்களும் ஒரு மாதிரித் தொகுப்புதான். மாவட்டம் முழுதும் இருக்கும் அங்கன்வாடிப் பணியாளர்கள் அனைவரையும் பற்றிப் பேச விரும்பும் ஆய்வுக்கு மூவர் போதாது.

நீங்கள் ஒருவழி மாதிரியின் இடைவெளியைப் பார்த்தால் அது 0.57 முதல் 0.85 வரை என்று கண்ணுக்கு இதமாகத் தெரியும். அதைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வரலாம். மூவரின் நிலையான சாய்வை (ஒருவர் எப்போதும் கூட்டியோ குறைத்தோ அளப்பதை) 60 கட்டின்மை அளவு கொண்ட சில்லறைப் பிழைபோல நடத்துவதால்தான் அது குறுகித் தெரிகிறது. அந்தக் குறுக்கம் உண்மையானதல்ல.

மென்பொருளில் செய்யும் முறை இது. எஸ்.பி.எஸ்.எஸ். என்றால் ஒவ்வொரு குழந்தையும் ஒரு வரிசை, ஒவ்வொரு அளப்பவரும் ஒரு நெடுவரிசை என்று தரவை அமையுங்கள். அனலைஸ், ஸ்கேல், ரிலையபிலிட்டி அனாலிசிஸ் என்று போய், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொத்தானை அழுத்தி, இன்ட்ராகிளாஸ் கோரிலேஷன் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மாடல் என்ற இடத்தில் டூவே ரேண்டம் என்றும், டைப் என்ற இடத்தில் அப்சல்யூட் அக்ரிமென்ட் என்றும் மாற்றுங்கள். டூவே மிக்ஸ்டு, அப்சல்யூட் அக்ரிமென்ட் என்று தேர்ந்தெடுத்தாலும் அதே எண்கள்தான் வரும். ஆனால் அப்போது முடிவு அந்த மூவரைப் பற்றியதாக மட்டுமே நிற்கும். ஆர் மென்பொருளில் ஐ.ஆர்.ஆர். தொகுப்பைப் பயன்படுத்தினால் மாடல், டைப், யூனிட் மூன்றையும் நீங்களே எழுதுங்கள்: டூவே, அக்ரிமென்ட், சிங்கிள். சைக் தொகுப்பு ஆறு வகைகளையும் ஒரே அட்டவணையில் கொடுத்துவிடும்; அதில் உங்களுக்குரியது ஐ.சி.சி.2 என்ற வரி. ஸ்டேட்டா மென்பொருளில் தரவை நீளவாக்கில் அடுக்கி, ஐ.சி.சி. கட்டளைக்குப் பின் அளவு, குழந்தை, அளப்பவர் என்று மூன்றையும் கொடுத்தால், வேறு எதுவும் சொல்லாமலேயே இருவழிச் சமவாய்ப்பு முழு உடன்பாட்டைக் கணக்கிடும்.

கணக்கிடும் முன் உங்கள் மென்பொருளைச் சோதித்துக்கொள்ள ஒரு நல்ல வழி இருக்கிறது. ஷ்ரவுட், ஃபிளெய்ஸ் கட்டுரையில் ஆறு பேரை நான்கு நடுவர்கள் மதிப்பிட்ட சிறிய அட்டவணை உண்டு. ஆளுக்கு ஒன்றாக ஆறு வரிசைகள்: 9, 2, 5, 8; 6, 1, 3, 2; 8, 4, 6, 8; 7, 1, 2, 6; 10, 5, 6, 9; 6, 2, 4, 7. இதைப் போட்டால் ஒருவழி மாதிரியில் 0.17, இடைவெளி கழித்தல் 0.13 முதல் 0.72, இருவழி முழு உடன்பாட்டில் 0.29, இடைவெளி 0.02 முதல் 0.76, வரிசைச் சீர்மையில் 0.71, இடைவெளி 0.34 முதல் 0.95 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு தேர்வு தவறு, அல்லது தரவு திருப்பிப் போடப்பட்டிருக்கிறது. கீழெல்லை கழித்தல் குறியோடு வருவது பிழையல்ல. குழந்தைகளுக்கு இடையிலான வேறுபாடு அளவீட்டுப் பிழைக்குள் மூழ்கிவிட வாய்ப்பு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

மூவரின் சராசரிக்குரிய கெழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆய்வேடுகளில் இதுதான் அடிக்கடி தவறாக எழுதப்படுகிறது. உங்கள் தரவில் முழு உடன்பாட்டுச் சராசரிக் கெழு 0.90, இடைவெளி 0.39 முதல் 0.97 வரை. களத்தில் ஒவ்வொரு குழந்தையையும் எப்போதும் மூன்று பேர் அளந்து சராசரி எடுக்கப் போகிறார்கள் என்றால் மட்டுமே இதை எழுதலாம். பென்னாகரத்து அங்கன்வாடியில் நாடாவைப் பிடிப்பவர் ஒருவர்தான். எனவே ஒருவருக்கான எண்ணே உங்களுக்கு உரியது.

விடுபட்ட தரவைப் பற்றியும் கவனம் தேவை. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது குழந்தையையும் அழைத்துப் போய்விடுவது நம் பக்கத்தில் வழக்கம். மூன்று நாட்களில் மூன்று பேரை அளக்கவைத்தால் மூன்றாம் நாள் சில குழந்தைகள் இருக்க மாட்டார்கள். எஸ்.பி.எஸ்.எஸ்., ஐ.ஆர்.ஆர். இரண்டும் ஓர் அளவு விடுபட்டாலே அந்தக் குழந்தையின் முழு வரிசையையும் நீக்கிவிடும். அப்படி நீங்குபவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள், அதாவது சுற்றளவு குறைந்தவர்கள் என்றால், குழந்தைகளுக்கு இடையிலான மாறுபாடே சுருங்கிக் கெழுவும் மாறிவிடும். ஒரே நாளில் எல்லோரையும் அளப்பது முதல் தீர்வு. அது முடியாதபோது, ஆர் மென்பொருளின் எல்.எம்.இ.4 தொகுப்பில் குழந்தை, அளப்பவர் இரண்டையும் சமவாய்ப்புக் கூறுகளாக வைத்து மாதிரியைப் பொருத்தினால், கிடைத்த அளவுகள் அனைத்தையும் அது பயன்படுத்திக்கொள்ளும். அந்த வழியில் இன்னொரு நன்மையும் உண்டு: பத்துப் பணியாளர்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குழந்தையையும் அவர்களில் மூன்று பேர் மட்டும் மாறி மாறி அளக்கும்படி திட்டமிடலாம். பத்து முறை நாடா சுற்றினால் எந்தக் குழந்தைதான் பொறுத்துக்கொள்ளும்? இந்த வடிவமைப்பில் இடைவெளியை, பொருத்திய மாதிரியிலிருந்தே புதுத் தரவுகளை ஆயிரம் முறையாவது உருவாக்கிக் கெழுவைத் திரும்பத் திரும்பக் கணக்கிடும் பூட்ஸ்ட்ராப் முறையில் எடுக்க வேண்டும். குழந்தைகளை மட்டும் மறுதேர்வு செய்யும் எளிய பூட்ஸ்ட்ராப் இங்கே ஏமாற்றும். அளப்பவர்கள் அப்படியே நிற்பதால் இடைவெளி பொய்யாகக் குறுகிவிடும்.

அளவெடுத்த முறையைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒன்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். இடது கை முழங்கையை மடக்கி, தோள்முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறித்து, பிறகு கையைத் தொங்கவிட்டுத்தான் நாடாவைச் சுற்ற வேண்டும். முதலாமவர் பேனாவால் வைத்த புள்ளியையே மற்ற இருவரும் பயன்படுத்தியிருந்தால், நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதில் ஆளுக்கு ஆள் வரும் வேறுபாடு உங்கள் தரவுக்குள் நுழையவே இல்லை, பிழையின் 0.06 என்ற சிறிய எண் அதனால்கூட வந்திருக்கலாம். ஒருவர் சொல்லும் அளவு மற்றவர் காதில் விழுந்திருந்தாலும் இதே கதைதான். இவற்றை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது.

கெழுவைப் படிக்கும்போது குழந்தைகள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அளப்பவர்களின் திறமை சற்றும் மாறாமல், ஏறத்தாழ ஒரே உடல்வாகு கொண்ட குழந்தைகளை மட்டும் எடுத்து, குழந்தைகளின் மாறுபாடு 0.78இலிருந்து 0.20 ஆகியிருந்தால், கெழு 0.20ஐ 0.46ஆல் வகுத்த 0.43க்கு இறங்கியிருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்து சிலரையும் கொழுகொழுவென்று இருப்பவர்கள் சிலரையும் கலந்திருந்தால் மேலே ஏறியிருக்கும். ஆகவே சென்டிமீட்டரிலேயே பேசும் அளவீட்டுத் திட்டப் பிழையையும் கூடவே தாருங்கள். உங்கள் தரவில் அது 0.20, 0.06 இரண்டையும் கூட்டிய 0.26இன் வர்க்கமூலம், அதாவது 0.51 சென்டிமீட்டர். ஒரே குழந்தையை வெவ்வேறு இருவர் அளக்கும்போது அவர்கள் அளவுகள் 1.4 சென்டிமீட்டர் வரை வேறுபடுவதை இயல்பாகவே எதிர்பார்க்கலாம். மஞ்சள் பட்டையின் மொத்த அகலமே ஒரு சென்டிமீட்டர்தான் என்பதை இதன் அருகில் வைத்துப் பாருங்கள்.

தரம் பிரிக்க, கூவும் லீயும் 2016இல் தந்த எல்லைகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள்: 0.5க்குக் கீழ் மோசம், 0.75 வரை மிதம், 0.9 வரை நன்று, அதற்கு மேல் மிக நன்று. அவர்களே வலியுறுத்துவது, தனி எண்ணை வைத்துத் தரம் சொல்லாமல் 95% இடைவெளியின் இரு முனைகளையும் வைத்துச் சொல்ல வேண்டும் என்பதை. அப்படிப் பார்த்தால் உங்கள் முடிவு மோசம் முதல் மிக நன்று வரை பரவிக் கிடக்கிறது. அதாவது, தரம் சொல்லும் நிலையில் ஆய்வு இல்லை. எஸ்.பி.எஸ்.எஸ். அருகில் காட்டும் 0.001க்குக் குறைவான பி மதிப்பைக் கொண்டு இதை ஈடுகட்ட முயல வேண்டாம். கெழு சுழி அல்ல என்பதை மட்டுமே அது சொல்கிறது. குழந்தைகளின் கைகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பதற்கு யாரும் ஆய்வு செய்யத் தேவையில்லை.

ஆய்வேட்டில் இப்படி எழுதலாம்: “30 குழந்தைகளின் மேற்கைச் சுற்றளவை 3 அங்கன்வாடிப் பணியாளர்கள் ஒருவர் அளவை மற்றவர் அறியாமல் அளந்தனர். இருவழிச் சமவாய்ப்பு மாதிரியில், ஒருவர் அளவுக்கான முழு உடன்பாட்டு உள்வகுப்பு ஒட்டுறவு 0.75 (95% நம்பிக்கை இடைவெளி 0.17 – 0.91), அளவீட்டுத் திட்டப் பிழை 0.51 சென்டிமீட்டர். அளப்பவர் எண்ணிக்கை குறைவாக இருப்பதே இடைவெளியின் அகலத்துக்குக் காரணம்.” ஒருவர் அளவை மற்றவர் அறியவில்லை என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அந்தச் சொற்றொடரை வையுங்கள். மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசைச் சீர்மையின் 0.93ஐயும் அடுத்த வரியில் தருவதில் தவறில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே, பிழை பெரும்பாலும் ஆளுக்கு ஆள் உள்ள சாய்விலிருந்து வருகிறது என்பதைக் காட்டிவிடும்.

அந்தச் சாய்வு பயிற்சியால் திருத்தக்கூடியது என்பதால், ஆய்வேட்டை முடிக்கும் முன் மூன்றாமவரின் முறையை நேரில் பாருங்கள். நாடாவைத் தளர்வாகச் சுற்றுகிறாரா, சட்டைக் கைக்கு மேலேயே சுற்றுகிறாரா, நடுப்புள்ளிக்கு மேலே தோள் பக்கம் ஏறி அளக்கிறாரா என்று கவனியுங்கள். திருத்திய பிறகு, முன்பு அளக்காத குழந்தைகளை வைத்து, பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பணியாளர்களையும் சேர்த்து எட்டுப் பத்துப் பேரோடு மீண்டும் அளவெடுங்கள்.